எது சிக்கனம், எது வெட்டி வேலை? கணக்கோடு சொல்லுங்கள்

அம்மாபேட்டை மருமகள்:

வணக்கம்ங்க. எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில். நான், வீட்டுக்காரர், அத்தை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். காலை எட்டேகாலுக்கு நான் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். அத்தை தறி ஓட்டிக் குடும்பத்தைக் கரையேற்றியவர், ஒரு தீக்குச்சியைக்கூட வீணாக்க மாட்டார், அதில் எனக்கு மரியாதைதான். ஆனால் இப்போது வீட்டில் நடக்கிற சிக்கனத்தில் பாதி என் இடுப்பை ஒடிக்கிறது, அதனால் என்ன மிச்சம் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

செல்போன் சார்ஜரை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும், மறந்தால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு. பாலில் ஏடு எடுத்துச் சேர்த்து வாரம் ஒரு முறை நெய் காய்ச்ச வேண்டும். வாரம் இரண்டு தடவை மாவு ஆட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அத்தையை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக்கொண்டு சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போக வேண்டும், அங்கேதான் காய் சல்லிசாம். அப்புறம் இந்தப் பால் கவர். தினமும் மூன்று கவரை வெட்டிக் கழுவி, கொடியில் வீட்டுக்காரர் பனியனுக்கு நடுவில் கிளிப் மாட்டிக் காயவைத்து, இரண்டு மாதம் சேர்த்துப் போன வாரம் பழைய பேப்பர்காரரிடம் போட்டோம். அரைக்கிலோ நின்றது. 12 ரூபாய் கொடுத்தார். அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். நான் அந்தச் சில்லறையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இவ்வளவும் செய்து கோடையில் வந்த கரண்ட் பில் 540 யூனிட். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்? அத்தையிடம் போய்ச் சொல்கிற மாதிரி கணக்கோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மீட்டர் பெட்டி:

540 என்று கடைசியில் போட்டீர்களே தங்கச்சி, விஷயமே அங்கேதான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரைக்கும் ஒரு கட்டணப் பட்டியல். 501 ஆனால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது, பட்டியலே மாறிவிடும். முதல் 100 இலவசம் அப்படியே இருக்கும், ஆனால் 101இல் இருந்து 200 வரைக்கும் கிடைக்கிற மலிவு விலை போய்விடும். ஆக, கூடுதலாக ஓடிய அந்த 40 யூனிட்டுக்கு நீங்கள் கட்டியது கிட்டத்தட்ட 600 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 12 ரூபாய் என்று வைத்தால், அதை ஈடுகட்ட எட்டு வருடம் பால் கவர் கழுவ வேண்டும்.

சார்ஜர் விஷயத்தில் அத்தையிடம் தைரியமாகச் சொல்லலாம். போன் மாட்டாத சார்ஜர் இழுப்பது அரை வாட் கூட இருக்காது, இரண்டு மாதம் மாட்டியே கிடந்தாலும் ஒரு யூனிட் தேறாது. ஆனால் டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ் இருக்கிறது பாருங்கள், அதை ரிமோட்டில் அணைத்தால் அது தூங்குகிற மாதிரி நடிக்கும். 10 வாட் பக்கம் இழுக்கிறது என்று வைத்தாலும், இராத்திரி பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். படுக்கப் போகும்போதும் வேலைக்குக் கிளம்பும்போதும் சுவிட்சைத் தட்டுங்கள், இதில் இடுப்பு ஒடியாது.

பெரிய மிச்சம் ஃபேனில். பழைய ஃபேன் 75 வாட், இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன், அதாவது கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டார் வைத்தது, 30 வாட் பக்கம். சேலத்து வெயிலுக்கு ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஃபேன் ஒன்றை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். 3,000 ரூபாய் போல ஆகும், முதலில் கை நடுங்கும். அதிகம் ஓடுகிற ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எப்போதாவது போடுகிற அறைக்கு அது தண்டம்.

கொண்டை ஊசி:

கண்ணு, நான் ஏற்காட்டில் இருக்கிறேன், எங்கள் வீட்டில் ஃபேனே கிடையாது, அதனால் அண்ணன் கணக்கு எனக்கு உதவாது. எனக்கு எல்லாம் கேஸ்தான். இங்கே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவைத்தால் பொழுது போய்விடும். பருப்பை ஊறவைத்து, குக்கரில் வைத்து, முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துவிடு. விசில் அடித்துக்கொண்டே இருந்தால் நீ காசு கொடுத்து வாங்கிய சூடு ஆவியாக வெளியே போகிறது என்று அர்த்தம். கொஞ்சம் முன்னாடியே அணைத்துவிட்டால் மீதி அதுவாக வேகும்.

நெய்யைப் பற்றி ஒன்று. அதை ஓசி நெய் என்று நினைக்காதே. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3. ஆரஞ்சுக்குக் காசு கொடுத்துவிட்டு ஏட்டை எடுத்தால் பிள்ளைகள் குடிப்பது கொழுப்பு குறைந்த பால். நெய் வாசம் பிடித்திருந்தால் செய், மிச்சம் என்று செய்யாதே. நானும் இப்படித்தான், காப்பிக் கொட்டை பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று இரும்புச் சட்டியில் வறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை, வீடெல்லாம் புகை. இப்போது சேலம் இறங்குகிற அன்றைக்கு மில்லில் கொடுத்து வறுத்து அரைத்து வாங்கிவிடுகிறேன்.

ஜங்ஷன் பையன்:

அக்கா, மாவை முதலில் நிறுத்துங்க. ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, 85 ரூபாய்னு வைங்க, மூணு கிலோ மாவு வரும். கடையில மூணு கிலோ 120, 130. மிச்சம் 40 ரூபாய்க்கு ஒண்ணேகால் மணி நேரம் போகுது. உங்க சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் என்ன வருதுன்னு பாருங்க.

தறிமேடை:

தம்பி, கிரைண்டர் ஓடுகிற நேரமெல்லாம் ஆள் வேலை ஆகுமா? அது பாட்டுக்கு ஓடும். மாவை வழித்துக் கல்லைக் கழுவுகிற இருபது நிமிடம்தான் கணக்கு. கரண்டும் பெரிதாக இழுக்காது, 150 வாட் மோட்டார், ஒரு மணி நேரத்துக்குக் கால் யூனிட்கூட வராது. கடை மாவு எங்கள் வீட்டில் மறுநாளே புளித்துக் கண்ணைச் சுருக்க வைக்கிறது. அம்மணி, வாரம் இரண்டு தடவையை ஒரு தடவை ஆக்குங்கள், மீதியை ஃபிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும்.

எனக்குப் புரியாதது சந்தைதான். அம்மாபேட்டையிலேயே உழவர் சந்தை இருக்கிறதே! தினமும் விலை போட்டுப் பலகையில் எழுதுகிறார்கள், அங்கேயும் இங்கேயும் பெரிய வித்தியாசம் இருக்காது. சூரமங்கலம் போய் வர 15 கிலோமீட்டர் பக்கம் ஆகும், பெட்ரோலே 30 ரூபாய். தக்காளியில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்றாலும் 15 கிலோ வாங்கினால்தான் கட்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021இல் இருந்து டிக்கெட் காசும் இல்லை. அத்தை ஏன் சூரமங்கலம்தான் என்கிறார் என்று கேட்டீர்களா?

அம்மாபேட்டை மருமகள்:

எல்லோருக்கும் நன்றிங்க. தறிமேடை அண்ணா, நீங்கள் சொன்ன பிறகுதான் கேட்டேன், கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் முதல் தடவையாக. சூரமங்கலத்தில் அத்தையின் அக்கா இருக்கிறார். சந்தைக்கு அவரும் வருவார். நான் காய் பொறுக்குகிற நேரத்தில் இரண்டு பேரும் தள்ளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், நான் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது அத்தை மட்டும் பஸ்ஸில் போகிறார், காய் கால் பை, பேச்சு இரண்டு மணி நேரம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி வரைக்கும் தூக்கம்.

கூடத்து ஃபேனை மாற்றிவிட்டோம். செட்டாப் பாக்ஸ் சுவிட்ச் அத்தை பொறுப்பு, சார்ஜரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ரீடிங் வந்ததும் எவ்வளவு என்று இங்கே போடுகிறேன். ஜங்ஷன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், மாவு வீட்டில்தான், ஆனால் வாரம் ஒரு தடவை. நெய்யை விட்டாயிற்று.

பால் கவரை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவனிடம் ஒப்படைத்தேன், கழுவினால் வருகிற காசு அவனுக்கு. அவன் இரண்டு நாள் கழுவிவிட்டு, 12 ரூபாய்க்குத் தட்டுவடை செட் வராது என்று பாட்டியிடம் பேரம் பேசி, அத்தை சுருக்குப் பையில் இருந்து மேலே 20 ரூபாய் கொடுத்திருக்கிறார்.