புதுப்பிப்பு: லூ ஹோல்ட்ஸ் இழையின் தொடர்ச்சி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க வகை). 1988 நவம்பரில், தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி, இரண்டாமிடத்தில் இருந்த யுஎஸ்சியை (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) சந்திக்க லாஸ் ஏஞ்சலிஸ் போனது. அங்கே நோட்டர் டேமின் முன்னணி ஆட்டக்காரர்கள் டோனி புரூக்ஸ், ரிக்கி வாட்டர்ஸ் இருவரும் அணிக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததால், அணியின் பயிற்சியாளர் லூ ஹோல்ட்ஸ் அவர்களை ஆட விடாமல் ஊருக்கே திருப்பி அனுப்பினார். இதைத்தான் முன்பு எழுதியிருந்தேன். அந்த ஆட்டத்தை 27-10 என்று ஜெயித்தார்கள்.

அதற்குப் பலர் கேட்டது ஒன்றே: "மாற்று ஆள் நிறைய இருந்த அணி, அதனால் துணிந்தார். இல்லாவிட்டால்?"

சரி, பத்து வருடம் பின்னால் போவோம். 1978 ஜனவரி, ஆரஞ்சு பௌல் (சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதும் பெரிய ஆட்டங்களில் ஒன்று). அப்போது ஹோல்ட்ஸ் ஆர்கன்சா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர்; அங்கே அதுதான் அவருக்கு முதல் சீசன். எதிரணி, இரண்டாமிடத்தில் இருந்த ஓக்லஹோமா. ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, விடுதியில் நடந்த ஒரு சம்பவத்துக்காக மூன்று பேரை நீக்கினார். மூவருமே தாக்குதல் வரிசையின் தூண்கள். அந்த சீசனின் டச் டவுன்களில் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகள்) பெரும்பகுதி அவர்களுடையது. ஆர்கன்சா கந்தலாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அன்று பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் மாற்று ஆட்டக்காரர் ரோலண்ட் சேல்ஸ். 205 கெஜம், இரண்டு டச் டவுன். முடிவு 31-6, ஆர்கன்சாவுக்கு.

தோற்றிருந்தாலும், அந்த மூவரையும் நீக்கிய தீர்மானம் சரியானதுதான் என்பேன். ஏனென்றால் அதை எடுத்தபோது ஜெயிப்போம் என்ற உத்தரவாதம் அவரிடம் இல்லவே இல்லை. அப்புறம், 1988 சீசனின் அந்த இருவரும், புரூக்ஸும் வாட்டர்ஸும், அடுத்த ஆட்டத்துக்கே அணிக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த ஆட்டம்தான் ஃபியஸ்டா பௌல்; அதில் வெஸ்ட் வர்ஜீனியாவை 34-21 என்று வென்று, அந்த சீசனின் தேசிய சாம்பியன் ஆனது நோட்டர் டேம்.