ரோம் டோட்டல் வார்: அழகா நிறுத்துன வரிசை ஒரே கிளிக்ல கலைஞ்சு போகுது, எங்க தப்பு பண்றேன்?

கிளிக்கன்:
மக்களே, 2004ல வந்த பழைய கம்ப்யூட்டர் கேம் ரோம் டோட்டல் வாரை தூசி தட்டி திரும்ப ஆட ஆரம்பிச்சிருக்கேன், கிரேக்க நகரங்கள் எடுத்திருக்கேன். மேப்புல ஊர் பிடிக்கறது, வரி, கட்டடம் எல்லாம் ஓகே. சண்டைக்குள்ள போனாதான் மானம் போகுது.

நேத்து நடந்ததைச் சொல்றேன். ஃபுல் ஆர்மி, 20 யூனிட். ஹோப்லைட் (கிரேக்க ஈட்டிக்காரன்) ஒன்பது, வில்லாளி நாலு, கவண்காரன் ரெண்டு, குதிரை நாலு, ஜெனரல் ஒண்ணு. பத்து நிமிஷம் உக்காந்து ஒவ்வொண்ணா அடுக்கினேன், ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. ரோமன் கிட்ட வந்தான், கன்ட்ரோல் ஏ அடிச்சு எல்லாரையும் எடுத்து ஹஸ்தாதி (ரோமனோட முன்வரிசைக் காலாட்படை) மேல ரைட் கிளிக் பண்ணேன், அவ்ளோதான், நடுவுல இருந்த ரெண்டு யூனிட் முன்னாடி போயிருச்சு, ஓரத்துல இருந்தவன் அப்படியே திரும்பி எதிரிக்கு முதுகைக் காட்டுறான், வில்லாளிங்க ஹோப்லைட்டைத் தாண்டி முன்னாடி வந்து நிக்கறாங்க, நான் பதட்டத்துல திரும்பத் திரும்ப கிளிக் பண்ண பண்ண இன்னும் மோசமாயிருச்சு. சரி வரிசையைச் சரி பண்ணலாம்னு ரைட் கிளிக் பிடிச்சு இழுத்தா எல்லாரும் கலந்து ஒரே நீள வரிசையா நிக்கறான்.

இன்னொண்ணு, ஈட்டியை நீட்டிட்டு நின்னவன் பாதில ஈட்டியைப் போட்டுட்டு வாளை எடுத்துடறான், அது ஏன்? கவண்காரன் வேற நம்மாளு முதுகுலயே கல்லை விடறான். இந்த கேமை பத்து வருஷம் முன்னாடி நல்லாதான் ஆடினேன்னு ஞாபகம், இல்ல அப்பவும் இப்படித்தான் ஆடினேனான்னு தெரியல.

ஈட்டிமுனை:
தல, ஒரே வரில சொல்லணும்னா, ஃபேலங்ஸை, அதாவது ஈட்டியை நீட்டி நெருக்கமா நிக்கற வரிசையை, எதிரி மேல கிளிக் பண்ணாதீங்க. எப்பவுமே. எதிரி மேல கிளிக் பண்ணா அந்த யூனிட் அவன் எங்க இருக்கானோ அங்க முகத்தைத் திருப்பி, உள்ள இருக்கறவங்க இடம் மாறி, துரத்தப் பாக்கும். அவன் கொஞ்சம் நகந்தா இதுவும் நகரும். ஒன்பது யூனிட்டுக்கும் ஒரே எதிரியைக் காட்டினீங்கன்னா ஒன்பதும் அவனை நோக்கித்தான் மூக்கைத் திருப்பும், ஓரத்துல இருந்தவன் திரும்பினது அதனாலதான். வில்லாளி, ஜெனரல் எல்லாரும் அதே செலக்ஷன்ல இருக்காங்க வேற.

அதுக்குப் பதிலா எதிரிக்குப் பின்னாடி இருக்கற காலித் தரைல ரைட் கிளிக் பண்ணுங்க, சிங்கிள் கிளிக். ஈட்டி நீட்டின மாதிரியே நேரா நடந்து போவான், நடுவுல வர்றவன் முனைல மாட்டுவான். எனக்கு இது புரிய ரெண்டு கேம்பெயின் ஆச்சு. டிஃபென்ஸ்னா அதுவும் வேணாம், கார்டு மோடைப் (நின்ன இடத்தை விட்டு நகராம இருக்கற ஆர்டர்) போட்டு விட்டுட்டு மவுஸ்ல இருந்து கையை எடுத்துடுங்க. இதுதான் ரொம்பக் கஷ்டம்.

வாளை எடுக்கறது, எதிரி முனையைத் தாண்டி உள்ள நுழைஞ்சுட்டா எடுப்பான். ரெண்டு யூனிட்டுக்கு நடுவுல இடைவெளி விட்டாலும், வரிசை ரொம்ப மெல்லிசா இருந்தாலும் இது நடக்கும். லார்ஜ் செட்டிங்ல ஒரு ஹோப்லைட் யூனிட் 80 பேர், அதை 16 பேர் அகலம் அஞ்சு பேர் ஆழம்னு இழுத்தா போதும். இழுத்து விடும்போது பக்கத்து யூனிட்டோட ஓரம் லேசா ஒட்டற மாதிரி வைங்க. அப்புறம் ஈட்டி நீட்டின நிலைல அவன் திரும்ப ரொம்ப நேரம் எடுத்துக்குவான், பக்கவாட்டுல ஆள் வர்றது தெரிஞ்சா ஃபேலங்ஸை ஆஃப் பண்ணி, திருப்பி, திரும்ப ஆன் பண்ணுங்க. இது ஆள் கிட்ட வர்றதுக்கு முன்னாடி பண்ற வேலை, வந்தப்புறம் பண்ணா செத்தான்.

எல்லாரையும் சேத்து எடுத்து இழுக்கவே கூடாது, அது இருக்கற எல்லாத்தையும் ஒரே கோட்டுல அடுக்கும். நடு மூணு, இடது மூணு, வலது மூணுன்னு ஜி கீ அடிச்சு குரூப் போடுங்க. வில்லாளி தனி, கவண் தனி, குதிரை ரெண்டு பக்கமும் தனித்தனி. கன்ட்ரோல் ஏ கீயை மறந்துடுங்க, அது ஜெயிச்சப்புறம் எல்லாரையும் துரத்த விடறதுக்குத்தான் லாயக்கு.

கவண்: அவன் கல் நேரா போகும், அம்பு மாதிரி வளைஞ்சு தலைக்கு மேல போகாது. வரிசைக்கு முன்னாடி நிறுத்தி அடிக்க விட்டு, எதிரி கிட்ட வரும்போது பின்னாடி இழுத்துட்டு ஃபயர் அட் வில்லை (தானா அடிக்கறதை) ஆஃப் பண்ணிடுங்க.

பாதிராத்திரி_ஜெனரல்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா கையை எடுத்துட்டு வேடிக்கை பாருங்கன்னா கொஞ்சம் ஓவர் ப்ரோ, குதிரையை யாரு ஓட்டறது? ஹோப்லைட் ஆர்மில ஜெயிக்கறது குதிரையாலதான், ஈட்டிக்காரன் பிடிச்சு வைக்கறான் அவ்ளோதான்.

குதிரையை ரோமனோட ட்ரியாரி இருக்கற பக்கம் முன்னாடி இருந்து விட்டுடாதீங்க, அவனும் ஈட்டிக்காரன். சுத்திப் போய் முதுகுல அடிக்கணும். அடிச்சதும் மோதின வேகம் போயிரும், அங்கயே நின்னு கத்தி சுத்திட்டு இருந்தா ஒவ்வொருத்தனா விழுவான். உள்ள போகத் தெரிஞ்சு வெளிய வரத் தெரியாத அபிமன்யு கதைதான். உடனே பின்னாடி காலி இடத்துல டபுள் கிளிக் பண்ணி வெளிய எடுத்து, கொஞ்ச தூரம் போய் வரிசை சேந்ததும் திரும்ப விடுங்க. ரெண்டாவது தடவைல பெரும்பாலும் வெள்ளைக் கொடி காட்டிருவான். இதே சீரிஸ்ல 2006ல வந்த மெடீவல் 2 ஆடினவங்களுக்கு இது நல்லாத் தெரியும், அங்க நைட்டை (கவசம் போட்ட குதிரை வீரனை) தூரத்துல இருந்து சிங்கிள் கிளிக்ல விட்டாதான் வரிசையா வந்து ஈட்டியைத் தாழ்த்துவான், டபுள் கிளிக் அடிச்சா சிதறி ஓடி சும்மா போய் இடிப்பான்.

காலாட்படையை ஓட விடறதும் வேணாம். ஓடினா களைப்பு ஏறும், மலை ஏறினா இன்னும். களைச்சவன் மோதறப்ப பாதி ஆள்தான்.

அப்புறம் பாஸ் பட்டன்னு ஒண்ணு இருக்கு. நிறுத்தி வச்சுக்கிட்டே ஆர்டர் குடுக்கலாம், யாரும் கேலி பண்ண மாட்டாங்க. தப்பான ஆர்டர் போயிருச்சுன்னா பேக்ஸ்பேஸ் அடிங்க, அந்த யூனிட் அப்படியே நிக்கும்.

சருகு:
ஆட்டம் சொல்லித்தர நான் வரல, ஆனா கிளிக்கன் சொன்ன கூத்து நிஜத்துலயே நடந்திருக்கு. கி.மு. 197, கைனோஸ்கெஃபாலே சண்டை. மாசிடோனியா ராஜா ஐந்தாம் ஃபிலிப், எதிர்ல ரோமன் ஃப்ளாமினினஸ். ஃபிலிப்போட வலது பக்கம் மேட்டுல இருந்து இறங்கி ரோமனைத் தள்ளிட்டே போகுது. அந்தக் காலத்து மாசிடோனிய ஃபேலங்ஸ் 16 வரிசை ஆழம், முதல் அஞ்சு வரிசையோட ஈட்டி முனைங்க முன்னாடி நீட்டிட்டு இருக்கும், நேருக்கு நேர் யாரும் நிக்க முடியாது. ஆனா இடது பக்கம் இன்னும் நடந்து வந்துட்டே இருக்கு, கரடுமுரடான மேடு, வரிசையே கட்டி முடிக்கல. ஃப்ளாமினினஸ் யானையை முன்னாடி விட்டு அதைக் கலைச்சுட்டான். அப்புறம்தான் முக்கியமானது, பேரு கூடப் பதிவாகாத ஒரு ட்ரிப்யூன் (ரோமன் படை அதிகாரி), யாரும் சொல்லாம தானே 20 மேனிப்பிளைப் (ரோமனோட சின்னப் படைப்பிரிவு) பிரிச்சுக் கூட்டிட்டுப் போய், ஜெயிச்சுட்டு இருந்த வலது பக்கத்தோட முதுகுல விழுந்தான். ஈட்டி நீட்டினவன் திரும்ப முடியல, ஆட்டம் முடிஞ்சுது.

கடைசில மாசிடோனியக்காரங்க ஈட்டியை மேல தூக்கிப் பிடிச்சாங்க, அவங்க வழக்கத்துல அது சரண். ரோமனுக்கு அது புரியல, வெட்டிட்டே இருந்தான். கேம்ல ஃபேலங்ஸை ஆஃப் பண்ணும்போது ஈட்டி எல்லாம் மேல எழும்பும் பாருங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் இதுதான் ஞாபகம் வரும்.

29 வருஷம் கழிச்சு, கி.மு. 168, பிட்னாலயும் இதே கதை. சமதரைல நல்லாத்தான் தள்ளிட்டு வந்தாங்க, தரை மேடு பள்ளமானதும் வரிசை அங்கங்க விரிஞ்சுது, அந்த இடைவெளில ரோமன் சின்னச் சின்னக் கூட்டமா நுழைஞ்சான். அதனால கிளிக்கன், அடுக்கறதுக்கு முன்னாடி கேமராவை இறக்கித் தரையைப் பாருங்க.

கிளிக்கன்:
அண்ணன்களே, அதே சேவ் ஃபைலை லோட் பண்ணி ஆடிட்டு வந்தேன். மூணு மூணா குரூப், கார்டு மோடு, கை மவுஸ்ல இல்ல. ஹஸ்தாதி முதல்ல நின்னு பிலம் (எறியீட்டி) எறிஞ்சான், அதுல கொஞ்சப் பேர் விழுந்தாங்க, உள்ளங்கை வேர்த்துருச்சு, கிளிக் பண்ணணும்னு அரிக்குது, பண்ணல. வந்து முட்டினான், ஈட்டில அப்படியே நின்னுட்டான், பத்தடி கூட நகரல. வலது பக்கக் குதிரை ரெண்டையும் சுத்தி அனுப்பி முதுகுல விட்டேன், வெளிய எடுத்தேன், திரும்ப விட்டேன். ரோமனோட நடு வரிசை பயந்து ஓடுது! சத்தமா கத்திட்டேன், வீட்ல முறைச்சாங்க.

ஒரு அசிங்கம் மட்டும் நடந்துச்சு. இடது ஓரத்துல கை தவறி ஒரு யூனிட்டுக்கு அட்டாக் குடுத்துட்டேன், அவன் பிரிஞ்சு போய் தனியா சுத்தி வளைச்சு மாட்டிக்கிட்டான். 80 பேர்ல 11 மிச்சம். அப்புறம் சண்டை முடிஞ்சு பாத்தா இடது பக்கக் குதிரை ரெண்டும் மரத்துக்கு நடுவுல நின்ன இடத்துலயே நிக்குது, மறந்தே போயிட்டேன்.

ஒரு கேள்வி பாக்கி. அடுத்த டர்ன்ல இவனுங்க என் ஊரை முற்றுகை போடப் போறாங்க. ஊருக்குள்ள இந்த வரிசையெல்லாம் எப்படி நிக்கும்? ஒரு யூனிட் அகலம்கூட தெரு இல்லையே.

ஈட்டிமுனை:
அதுதான் தல கிரேக்கனுக்கு சொர்க்கம். தெருல பக்கவாட்டே கிடையாது, ரெண்டு பக்கமும் வீட்டுச் சுவர், ஒரு ஹோப்லைட் யூனிட்டைத் தெரு அகலத்துக்குக் குறுக்கி ஆழமா இழுத்து நிறுத்துனா நாலு யூனிட்டைத் தாங்குவான். வாசல்ல வாங்கறதா இருந்தா கதவுக்கு நேரா ஒட்டி நிக்காதீங்க. கொஞ்சம் உள்ள தள்ளி மூணு யூனிட்டை ப வடிவத்துல, திறந்த பக்கம் கதவைப் பாத்த மாதிரி நிறுத்துங்க. உள்ள வர்றவனுக்கு மூணு பக்கமும் ஈட்டி. முனை எல்லாம் ப-வோட உள்பக்கம் பாத்து இருக்கான்னு பாஸ் போட்டு ஒரு தடவை சரி பாருங்க, நான் ஒரு தடவை ஒரு பக்கத்தை வெளிய பாத்து நிறுத்தி ஊரையே கோட்டை விட்டேன்.

பாதிராத்திரி_ஜெனரல்:
அந்த ரெண்டு குதிரையை மரத்துல இருந்து கூட்டிட்டு வாங்க முதல்ல.