பழைய கணினியை வைஃபை அக்சஸ் பாயின்ட் ஆக்குவது: ஐபி கிடைக்கவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் கேபிள் இணைப்புள்ள ஒரு பழைய கணினியில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) ஓடுகிறது. அதில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் செருகி, மற்ற சாதனங்களுக்கு வைஃபை தரும் அக்சஸ் பாயின்ட்டாக மாற்றப் பார்க்கிறேன். அடாப்டர் ஏபி (அக்சஸ் பாயின்ட்) மோடுக்கு ஒத்துவருகிறது, "ஐடபிள்யூ லிஸ்ட்" கட்டளையில் பார்த்துவிட்டேன்.

வைஃபையை உருவாக்கும் ஹோஸ்ட்ஏபிடி நிரல் நன்றாகவே ஓடுகிறது. போனில் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டையும் ஏற்கிறது. அப்புறம் "ஐபி முகவரி பெறுகிறது" என்று அப்படியே நிற்கிறது. ஐபி முகவரி வழங்க வேண்டிய டிஎன்எஸ்மாஸ்க் நிரல் பிழை எதுவும் காட்டவில்லை. போனில் ஐபியைக் கையால் கொடுத்தால் கணினியின் முகவரியான 192.168.4.1-க்கு பிங் (இணைப்புச் சோதனை) போகிறது, ஆனால் இணையம் வரவில்லை. ஐபி ஃபார்வர்டிங் (போனின் டேட்டாவைக் கணினி வழியே கடத்துவது) 1, அதாவது ஆன் என்றுதான் இருக்கிறது, மாஸ்கரேட் விதியும் (போனின் டேட்டா கணினியின் முகவரியிலேயே வெளியே போக) சேர்த்தாயிற்று.

யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால்தான் தடுக்கிறது என்று சந்தேகம். அதை முழுவதும் அணைக்க மனமில்லை. ஐபி கேட்கும் கோரிக்கைகள் வரும் யூடிபி 67 போர்ட்டைத் திறந்தால் போதுமா, டேட்டாவைக் கடத்த விடலாமா என்று முடிவுசெய்யும் ஃபார்வர்ட் பாலிசியையும் மாற்ற வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.