உவமை, உருவகம்: பெயர் தெரிகிறது, எழுத வரவில்லை

மழைக்காகம்:
எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். மதிமுகம் (நிலா போன்ற முகம்) உவமை, முகமதி (முகமே நிலா) உருவகம் என்று தூக்கத்தில் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பாடத்தில் இல்லாத வரியைக் கொடுத்தால் முழிக்கிறார்கள், சொந்தமாக எழுதச் சொன்னால் 35 நோட்டிலும் நிலா போன்ற முகம்தான். 'போல' வந்தாலே உவமை என்று கோடு போடுகிறார்கள், 'மழை வரும் போல இருக்கிறது' என்பதற்குக்கூட! என்ன செய்யலாம்?

கருப்பட்டி காபி:
முதலில் நிலாவைத் தடை செய்யுங்கள் டீச்சர். நிலா, மலர், மான், மயில், தேன் ஐந்தையும் போர்டில் எழுதி அடித்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன். அப்புறம் தொல்காப்பியத்திலேயே வழி இருக்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், பலன், வடிவம், நிறம். ஒரு பொருளைக் காட்டி, இந்த நான்கில் எதை வைத்து ஒப்பிடுகிறாய் என்று கேளுங்கள். நான் ஒரு பழைய குடையைக் கொண்டுபோனேன். ஒரு பையன் 'கம்பி உடைந்த குடை செத்த வௌவால் போலத் தொங்கியது' என்று எழுத, அது மெய்யா உருவா என்று வகுப்பே பத்து நிமிடம் சண்டை. கறுப்பு என்பதால் உரு, இறக்கை விரிந்து கிடப்பதால் மெய், இரண்டும்தான்டா என்று முடித்துவைத்தேன்.

திண்ணைவாசி:
உருவகத்துக்கு, அவர்கள் எழுதியதையே திருப்பிப்போடச் சொல்லுங்கள். மலரடி, அடிமலர். ஆனால் இடம் மாறியதை மட்டும் காட்டினால் அதுவும் மனப்பாடமாகிவிடும், கூடவே ஒரு வினையையும் சேர்க்கச் சொல்லுங்கள். 'மலரடி நோகிறது' என்றால் நோவது கால். 'அடிமலர் வாடியது' என்றால் கால் மலராகவே ஆகிவிட்டது, அதனால்தான் வாடுகிறது. இது விதி எல்லாம் இல்லை, என் குறுக்குவழி.

பூண்டுரசம்:
டீச்சர் இல்லை, அம்மாவாகச் சொல்கிறேன். என் மகள் 'அம்மாவின் கோபம் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும் குக்கர் போல' என்று எழுதியிருந்தாள் (உண்மைதான்). அதை அடித்துவிட்டு 'எரிமலை போல' என்று சிவப்பு மையில் திருத்தி அனுப்பினார்கள். அன்றிலிருந்து எரிமலைதான் எழுதுகிறாள். எங்கள் ஊரில் எரிமலையை யார் பார்த்தார்கள்?

மழைக்காகம்:
அக்கா, அந்தக் குக்கரை நாளைக்கு வகுப்பில் சொல்லலாமா? பெயர் சொல்ல மாட்டேன். சரி, 'மழை வரும் போல'வுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

கருப்பட்டி காபி:
மழையை எதோடு ஒப்பிட்டிருக்கிறது, காட்டு என்று கேளுங்கள். தேடிப் பார்த்துவிட்டு அவர்களே கோட்டை அழிப்பார்கள். அது வெறும் ஊகம், இன்னொரு பொருளே அங்கே கிடையாது.