ஆட்டம் தெரியும், வர்ணனைதான் பிந்துகிறது: பழகியவர்கள் உதவுங்கள்

வணக்கம். எனக்கு ஊர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழும்பில் ஒரு கழகத்தில் சம்பளத்துக்கு 9 வருஷம் உதைபந்து ஆடினேன், நடுக்களத்தில். 2023இல் முழங்கால் ஜவ்வு கிழிந்தது, ஆட்டம் அதோடு நின்றது. இப்போது டீவியில் தமிழ் நேர்முக வர்ணனைக்குக் குரல் தேர்வு வந்திருக்கிறது. மூன்று கிழமைதான் இருக்கிறது.

பிரச்சினை இதுதான்: நான் வாய் திறப்பதற்குள் போல் (பந்து) அடுத்த காலுக்குப் போய்விடுகிறது. 2022 உலகக் கிண்ண இறுதியைச் சத்தமில்லாமல் போட்டுப் பழகினேன். பிரான்ஸ் வீரர் எம்பாப்பே 80ஆவது நிமிஷம் பெனால்டி அடித்தார். அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அதே அணியின் கோமான், ஆர்ஜென்டினாவின் மெஸ்ஸியிடம் போலைப் பறித்து, 81இல் எம்பாப்பே இரண்டாவதையும் போட்டுவிட்டார். போனில் பதிந்ததைக் கேட்டால், அந்த கோலுக்கு என் குரலே இல்லை! நடந்து முடிந்த ஆட்டத்தை அலசச் சொன்னால் மட்டும் தடங்கலில்லாமல் வருகிறது.

செய்து பார்த்தவை: வீரர் பெயர்களையும் இலக்கங்களையும் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்தேன். வானொலி வர்ணனை கேட்டு அதே வேகத்தில் பேசினேன், 20 நிமிஷத்தில் தொண்டை கட்டிவிட்டது. தோட்டத்து மைதானத்தில் பொடியன்கள் ஆடும்போது ஓரத்தில் நின்று சொல்லிப் பார்த்தேன். அங்கே ஓரளவு சரி, ஏனென்றால் எல்லாரையும் நடையை வைத்தே தெரியும்.

வர்ணனை செய்த அண்ணாமார், அக்காமாரிடம் ஒரே கேள்வி: போல் ஓடும்போது எதைச் சொல்வது, எதை விடுவது என்று எப்படிப் பழகினீர்கள்?