நேரில் பார்த்த சாட்சி இல்லாத கொலை வழக்கு: எந்த இடத்தில் உடைகிறது?

கறுப்புக்கோட்டு:
வணக்கம். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கான வழக்கு இது. மாலை 6 மணிக்கு இறந்தவரையும் எதிரியையும் (குற்றம் சாட்டப்பட்டவரையும்) டீக்கடையில் ஒன்றாகப் பார்த்ததாக ஒரு சாட்சி. மறுநாள் காலை 10 மணிக்குக் கிணற்றில் சடலம். மூன்று நாள் கழித்துக் கைது. எதிரியின் வாக்குமூலத்தின் பேரில் முட்புதரில் ரத்தக்கறையுள்ள அரிவாள். அவருடைய செல்போன் அந்தப் பகுதி டவரில் இருந்திருக்கிறது. கடன் தகராறுதான் நோக்கம் என்கிறார்கள். இந்த நான்கும் சேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவில் (கொலை) தண்டனை நிற்குமா?

செஷன்ஸ் மேசை:
‘சேர்ந்தால்’ என்று தொடங்காதீர்கள். முதலில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாக வேண்டும். அதற்குப் பிறகுதான் அவற்றை ஒன்றோடொன்று கோக்கும் சந்தர்ப்பச் சாட்சியச் சங்கிலி பற்றிய பேச்சே. சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் (1984) உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே இதுதான். அரைகுறையாக நிற்கும் நாலு சங்கதியைக் கூட்டி ஒரு முழுச் சாட்சியம் ஆக்க முடியாது.

கடைசியாக ஒன்றாகப் பார்த்தது பற்றி: உங்கள் வழக்கில் இடைவெளி 16 மணி நேரம். வேறு யாரும் குறுக்கே வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இடைவெளி குறுகலாக இருக்க வேண்டும் என்பது உத்தரப் பிரதேசம் எதிர் சதீஷ் தீர்ப்பு (2005). இதைக் குறுக்க அரசுத் தரப்பிடம் இருக்கும் ஒரே வழி பிரேதப் பரிசோதனை அறிக்கை. இரைப்பையில் செரிக்காத சோறு இருந்தால், சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் இறந்திருக்கலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். ஆனால் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதற்குத் தனியாகச் சாட்சி வேண்டும். உடல் கிணற்றுத் தண்ணீரில் கிடந்ததால் சீக்கிரம் குளிர்ந்திருக்கும். இறந்த நேரக் கணிப்பு இன்னும் தளர்ந்துபோகும்.

டீக்கடைச் சாட்சியின் விசாரணை வாக்குமூலம் எந்தத் தேதியில் நீதிமன்றத்துக்கு வந்தது என்று முத்திரையைப் பாருங்கள். ‘மறுநாளே விசாரித்தேன்’ என்பார் ஆய்வாளர். காகிதம் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் அந்தச் சாட்சியைப் பிறகு தயார் செய்திருக்கிறார்கள் என்ற வாதத்துக்கு அதுவே போதும்.

மகஜர் வாசிப்பவர்:
அரிவாளைப் பற்றி நான் சொல்கிறேன். இப்படிப்பட்ட வழக்குகள் அதிகம் சாய்வது இங்கேதான்.

போலீஸ் காவலில் கொடுத்த ஒப்புதல் செல்லாது. பழைய சாட்சிய சட்டத்தின் 27-வது பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய சட்டம் 23-இன் வரம்புரை (விதிவிலக்கு), ஒரு சின்ன வாசலை மட்டும் திறக்கிறது. ‘அவனை வெட்டிய அரிவாளை ஓடைப் புதரில் மறைத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்’ என்று வாக்குமூலத்தில் இருந்தால், ‘அவனை வெட்டிய’ என்ற பகுதியை அடித்துவிட வேண்டும். மீதி மட்டுமே ஏற்கத்தக்கது. பிரிட்டிஷ் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1946 டிசம்பரில் கோட்டையா வழக்கில் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது. ஆக, மிஞ்சுவது அரிவாள் அங்கே இருப்பது எதிரிக்குத் தெரியும் என்பது மட்டும். அது கொலை ஆயுதம் என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ‘மனித ரத்தம், வகை தெரியவில்லை’ என்று அறிக்கை வந்தால் இறந்தவரோடு தொடர்பு அறுந்துவிடும்.

குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டியவை: சாட்சிகள் வாக்குமூலத்தின்போதே உடன் இருந்தார்களா, இல்லை புதருக்கு வரவழைக்கப்பட்டார்களா? எதிரியின் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதினார்களா? சுப்ரமண்யா எதிர் கர்நாடகா (2022) தீர்ப்பு இதை விரிவாகப் பேசுகிறது. புதர் எல்லாரும் ஆடு மேய்க்கும் இடமா? போலீஸ் அங்கே ஏற்கெனவே தேடியதா? பறிமுதல் பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-இல் அரிவாள் நீதிமன்றம் போய்ச் சேர எத்தனை நாள்? அதுவரை யார் பொறுப்பில், எந்த முத்திரையோடு இருந்தது?

2011 சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனைக் கைதியை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்ததற்கு மாதிரிகளைக் கையாண்ட ஓட்டைகளும் ஒரு காரணம். டிஎன்ஏ மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறிய பதிவேட்டை வழக்கு முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் உத்தரவு இருக்கிறது. படித்தே ஆக வேண்டிய தீர்ப்பு.

டவர்:
செல்போன் பதிவு சுருக்கமாக: அது போன் இருந்த திசையைக் காட்டும், ஆள் நின்ற இடத்தைக் காட்டாது. கிராமத்தில் ஒரு டவர் சில கிலோமீட்டர் வரை எட்டும். எதிரியின் வீடும் அதே டவருக்குள் என்றால் அந்தப் பதிவால் எதுவும் ஆகாது. சிம் யார் பெயரில் என்பதற்கு விண்ணப்பப் படிவம் வேண்டும். மின்னணுப் பதிவுக்குப் பாரதிய சாட்சிய சட்டம் கேட்கும் 63(4) சான்றிதழில் அ, ஆ இரண்டு பகுதியும், ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய சட்டப்படி நடக்கும் வழக்கு என்றால் 65ஆ சான்றிதழ்.

கறுப்புக்கோட்டு:
மிக்க நன்றி. ஒரே சந்தேகம். எதிரி ‘அன்று ஊரிலேயே இல்லை’ என்று பொய் சொல்லியிருக்கிறார். அதுவே ஒரு கண்ணி ஆகாதா? சாட்சிய சட்டம் 109-வது பிரிவில் விளக்கம் சொல்லும் பொறுப்பு அவருடையது தானே?

செஷன்ஸ் மேசை:
ஆகாது. அரசுத் தரப்பின் சங்கிலி முழுமையான பிறகுதான் பொய் விளக்கம் கூடுதல் கண்ணி. விடுபட்ட கண்ணிக்கு மாற்றாக அதைச் செருக முடியாது என்று சர்தா தீர்ப்பே சொல்கிறது. 109 (பழைய 106) உண்மையில் வேலை செய்வது வீட்டுக்குள் நடக்கும் கொலைகளில்; மனைவியைக் கணவன் வீட்டிலேயே கொன்ற திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கை (2006) பாருங்கள். அங்கேகூட அன்றிரவு கணவன் வீட்டில் இருந்தான் என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும். உங்கள் வழக்கில் சடலம் கிடந்தது திறந்த கிணறு.

இன்னொன்று: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 351-வது பிரிவில் நீதிபதி எதிரியிடம் கேட்கும் விசாரணைக் கேள்விகளை வரி வரியாகப் படியுங்கள். டவர் பதிவு பற்றி எதிரியிடம் கேட்கவே இல்லை என்றால் அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.