எம்.எஸ் வந்த கால்: கிறுகினா தள்ளாடுது, நடக்கிறதா படுக்கிறதா?

கல்லடி_தையல்:
எனக்கு 37 வயது. எம்.எஸ் (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், நரம்புக்கு மேல இருக்கிற உறை பழுதாகிற நோய்) எண்டு தெரிஞ்சு நாலு வருஷமாகுது. இடக்கால்தான் கரைச்சல். விடியக்காலையில வளவுக்குள்ள நல்லா நடக்கிறன். பத்து மணிக்குச் சந்தைக்குப் போய்த் திரும்பினா பாதம் நிலத்தில இழுபடுது, செருப்பு கழண்டு பின்னால கிடக்கு.

போன கிழமை குசினியில கறிச்சட்டியத் தூக்கிக்கொண்டு கிறுகினன், நேரா சுவர்ல போய் அடிபட்டுது. சட்டிய விடல்ல. தோள்மூட்டுத்தான் கண்டிப் போச்சு.

மாமி சொல்றா, "நடந்தா நரம்பு தேயும் புள்ள, படுத்துக் கிட" எண்டு. கச்சான் எண்ட சுடுகாத்துத் தொடங்கினதில இருந்து இன்னும் மோசம். பின்னேரம் பழைய பாலத்தில நடந்து போற ஆக்களப் பாத்தா அழுகைதான் வருது. என்ன செய்ய?

களுவாஞ்சிக்குடி_அக்கா:
தங்கச்சி, படுத்து மட்டும் கிடவாதீங்க. எனக்கு இது 11 வருஷம். முதல் ரெண்டு வருஷம் எல்லாரும் சொன்னதக் கேட்டுப் படுத்துத்தான் கிடந்தன். நோய் எடுத்தது பாதி, படுக்கை எடுத்தது மீதி. தொடை ரெண்டும் மெலிஞ்சு, கதிரையில இருந்து எழும்ப ஒரு ஆள் வேணும் எண்டு ஆயிட்டுது.

உங்களுக்குப் பத்து மணிக்கு மேல இழுக்கிறது சூட்டால. நரம்புக்கு மேல இருக்கிற உறை பழுதாகினா, உடம்புச் சூடு அரைப் பாகை ஏறினாலே காணும், மூளையில இருந்து வாற சேதி கால் வரைக்கும் போய்ச் சேராது. ஒரு கச்சான் மாசம் மூணு மணி வெயிலுக்க பஸ்ஸால இறங்கினன், கால் ரெண்டும் மரம் மாதிரி. இனி எழும்பவே மாட்டன் எண்டு நினைச்சு அழுதன். மகள் கிணத்தடியில இருத்தி நாலு வாளி ஊத்தினாள். அரை மணித்தியாலத்தால நானே நடந்து வீட்டுக்க வந்தன். சூட்டால வாற தளர்ச்சி நரம்பப் புதுசாக் கெடுக்கிறதில்ல, உடம்பு ஆறினா போயிடும். அதால நடக்கிறது, பயிற்சி எல்லாம் விடிய ஆறு மணிக்கு முன்னுக்கு வைங்க. தொடங்க முதல் தலைக்கு ஊத்துங்க, ஈரத் துவாய் ஒண்டக் கழுத்தில போடுங்க.

மறுகா, கிறுகிறது. ஒரு காலில ஊண்டிச் சுழலவே ஒண்ணா. உரலச் சுத்தி வாற மாதிரி, சின்னச் சின்ன அடியா வட்டம் போட்டுத் திரும்புங்க. சட்டிய முதல்ல மேசையில வைங்க, பிறகு கிறுகுங்க. கையில பாரம், வாயில கதை, காலில நடை எண்டு மூணும் ஒண்டாச் சேந்தா மூளைக்குக் கட்டாது.

நான் செய்றதச் சொல்றன். அறை மூலையில சுவருக்கு முதுகக் காட்டி நிப்பன், முன்னால ஒரு கதிரை. காலச் சேத்து வைச்சுக் கண்ண மூடுவன். முதல் நாள் நாலு செக்கன்தான். வலப் பாதத்துக்குச் சீமெந்துக் குளிர் தெரிஞ்சுது, இடதுக்குப் பஞ்சில நிக்கிற மாதிரி. கால் எங்க இருக்கு எண்டத அதுவரை கண்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கு! அதாலதான் இருட்டில விழுந்திருக்கன். ரெண்டு மாசத்தில 30 செக்கன் நிண்டன். பிறகு மடிச்ச பாய்க்கு மேல. தனிய ஆரும் இல்லாம செய்யாதீங்க. ராவையில கக்கூசுக்குப் போற வழியில லைட் எரியட்டும்.

அக்கரைப்பற்று_பிசியோ:
சகோதரி, அக்கா சொன்னது சரி. எம்.எஸ் உள்ளவர்களுக்கு உடம்பை வருத்திய பிறகு கொஞ்ச நேரம் பார்வை மங்குவதை 1890இல் ஊத்தொஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் எழுதியிருக்கிறார்; அதற்கு உடம்புச் சூடுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. நான் சேர்ப்பது கொஞ்சம்தான்.

ரப்பர் செருப்பை விட்டு, குதிக்கு வார் உள்ளதைப் போடுங்கள். பாதம் தொங்கினால் கணுக்காலுக்குத் தாங்கி ஒன்று செய்து தருவார்கள், கிளினிக்கில் கேளுங்கள். கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள். கனடாவில் 2013இல் வந்த வழிகாட்டி, எம்.எஸ் உள்ளவர்களுக்குக் கிழமையில் இரண்டு நாள் 30 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்கிறது. நீங்கள் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள், இடையில் இருந்து ஆறுங்கள்.

ஃபாம்பிரிடின் என்ற குளிசை சிலருக்கு நடை வேகத்தைக் கூட்டும், எல்லோருக்கும் இல்லை. வலிப்பு வந்தவர்களுக்கும் சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்கும் ஆகாது. நரம்பு டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

உடம்பு ஆறிய பிறகும் புதிய பலவீனம் ஒரு நாளுக்கு மேல் நின்றால் வீட்டில் இருக்காதீர்கள். சலக்கிருமியாகவும் (சிறுநீர்த் தொற்று) இருக்கலாம், நோய் திரும்பக் கிளம்பியதாகவும் இருக்கலாம்.

கல்லடி_தையல்:
மூணு கிழமையாச்சு. கண்ண மூடி 11 செக்கன் நிக்கிறன், மாமிதான் மணிக்கூடு பாக்கிறா. இண்டைக்கு விடிய அஞ்சரைக்குப் பாலத்தில கம்பியப் பிடிச்சுக் கொஞ்சத் தூரம் போய் வந்தன். செருப்பு கழரல்ல. பொல்லு ஒண்டு வாங்கப் போறன். எந்தக் கைக்கு, எவ்வளவு உயரம்?

அக்கரைப்பற்று_பிசியோ:
வலக்கைக்கு. பலவீனமான காலுக்கு எதிர்க் கை. செருப்பைப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் இடம்தான் பிடியின் உயரம். அடியில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.